வண்டி நிற்கும் நேரத்தில் தலைக்கவசம்

தலைக்கவசத்தை அணிவது பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அணியாத நேரத்தில் அதை எங்கே வைப்பது, எப்படிக் காப்பது என்பது பற்றிப் பேசுவோர் குறைவு. நெடும்பயணம் செல்லும் ஒருவர் ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்க வண்டியை நிறுத்தியதும் முதலில் எழும் கேள்வியோ இதுதான். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உருண்டை ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நடப்பதா, வண்டியோடு விட்டுச் செல்வதா? பெரும்பாலோர் அதைப் பக்கக் கண்ணாடியின் மேல் கவிழ்த்துவிட்டு நடந்துவிடுகின்றனர். வண்டிக்குப் பூட்டு உண்டு. அதை ஓட்டுபவரின் தலையைக் காக்கும் பொருளுக்குப் பூட்டு இல்லை.

இக்கேள்வியைக் கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் உள்ள ஜூ டவுனை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாக இருக்கும். கோவையிலிருந்து பாலக்காடு வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர். மதுரையிலிருந்து புறப்பட்டால் தேனி, போடி, மூணாறு வழியாகச் செல்லும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இவ்விரு வழிகளிலும் விடுமுறை நாள்களில் தமிழகப் பதிவெண் தாங்கிய இருசக்கர வாகனங்கள் கொச்சியை நோக்கிச் செல்வது வழக்கமான காட்சி. அவ்வாறு செல்வோர் கொச்சியில் காண விரும்பும் இடங்களில் ஜூ டவுன் தவறாமல் இடம்பெறுகிறது. அங்கே தலைக்கவசம் காணாமற்போனால், திரும்பி வரவேண்டிய தொலைவு முழுவதும் வெறுந்தலையோடு கடக்க வேண்டிய நிலை ஏற்படும். இழப்பின் உண்மையான அளவு கவசத்தின் விலையன்று, அந்தத் தொலைவே.

வீதியின் இயல்பு

மட்டாஞ்சேரி அரண்மனை 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயரால் கட்டப்பட்டுக் கொச்சி அரசருக்கு அளிக்கப்பட்டது. 1663க்குப் பின் டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்தது. அதன் அருகிலேயே, 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. ஆலயத்துக்குச் செல்லும் குறுகிய வீதியின் இருமருங்கிலும் நறுமணப் பொருள் கடைகளும் பழம்பொருள் கடைகளும் வரிசையாக உள்ளன. 1948க்குப் பின் இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். வணிகம் மட்டும் வீதியை விட்டுப் போகவில்லை. மிளகு வணிகத்துக்கென 1957இல் அமைந்த சங்கமும் இங்கேதான் இருக்கிறது.

தமிழ் வாசகர்கள் இவ்விடத்தில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பொது ஆண்டு 1000ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகர் தலைவரான ஜோசப் ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிய செப்பேடுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. தலைமுறை தலைமுறையாக அச்சமூகத்தார் அவற்றை இரும்புப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து வந்தனர்.

இனி நமது பொருளுக்கு வருவோம். இவ்வீதியில் மூன்று தன்மைகள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, வண்டியை நிறுத்தும் இடம் ஒன்று, பார்க்கும் இடங்கள் வேறு. அரண்மனையின் சுவரோவியங்களையும் ஆலயத்தையும் கடைகளையும் பார்த்துத் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் வண்டி நம் கண்பார்வையில் இராது. இரண்டாவது, கூட்டம். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில், அதிலும் 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே கலைவிழா நடக்கும் ஆண்டுகளில், மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் வெளியூர் வாகனங்கள் நிறைந்துவிடும். மூன்றாவது, சுற்றிலும் உள்ள வீதிகள் இன்றும் சரக்கு ஏற்றி இறக்கும் வீதிகளே. மூட்டை சுமப்போரும் சிறு சரக்கு வண்டிகளும் செல்ல வழி வேண்டும்போது, இடையூறாக நிற்கும் இருசக்கர வாகனத்தை யாரேனும் இரண்டடி நகர்த்தி வைப்பது இயல்பு. அவர்கள் செய்வதில் தவறேதும் இல்லை. எனினும் கண்ணாடியில் தொங்கும் கவசம் அப்போது தரையில் விழும். விழுந்ததை எடுத்து மீண்டும் மாட்டிவைத்துவிட்டால், உரியவருக்கு அது தெரியவும் தெரியாது.

இதனால் இவ்வூரைக் கள்வர் மலிந்த ஊர் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் மாமல்லபுரத்திலும் இதே சூழல்தான். கூட்டம் மிகுந்த சுற்றுலா வீதியில் திருட்டு ஓர் ஆபத்து. வீழ்ச்சியும் வெயிலும் மழையும் அதற்குச் சற்றும் குறையாத ஆபத்துகள்.

கண்ணாடியில் மாட்டுவதால் நேர்வது

தலைக்கவசத்தின் வெளி ஓடு அடியைப் பரப்பிக் கொடுக்கிறது. உயிரைக் காக்கும் வேலையைச் செய்வது அதனுள்ளே இருக்கும் தெர்மோகோல் படலமே. விபத்தின்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் மிகச் சிறு நேரத்துக்குள் தலையின் வேகத்தைத் தணித்துவிடுகிறது. ஒருமுறை நசுங்கிய இடம் மீண்டும் பழைய நிலைக்கு வருவதில்லை. பக்கக் கண்ணாடியின் முனை மேல் கவசத்தைக் கவிழ்க்கும்போது, அதன் எடை முழுவதும் உட்புறத்தில் ஒரே புள்ளியில் இறங்குகிறது. துணி உறையை விலக்கிப் பார்த்தால், நாள்தோறும் இப்படி மாட்டி வைப்போரின் கவசத்தில் விரல் நுனி அளவுள்ள பள்ளத்தைக் காண முடியும். ஒரு நாள் மாட்டியதால் கேடு வந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் மாட்டினால், அந்த இடத்தில் பாதுகாப்புக் குறைந்துவிடும்.

கீழே விழுவதைப் பற்றியும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. உள்ளே தலை இல்லாத வெறுங்கவசம் இருக்கை உயரத்திலிருந்து ஒருமுறை விழுந்ததாலேயே பயனற்றுப் போய்விட்டது என்று முடிவு கட்டுவது சரியன்று. ஆனால் விழுந்தது நமக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஓட்டில் மயிரிழை வெடிப்பு உள்ளதா, தெர்மோகோல் ஓட்டிலிருந்து விலகியுள்ளதா, முகக் கண்ணாடியின் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்ப்போம். ஐயம் எழுந்தால் மாற்றிவிடுவதே நன்று. நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கவசத்தை விழக்கூடிய நிலையில் விட்டுச் செல்வதை அதனாலேயே தவிர்க்கச் சொல்கிறோம்.

பெட்ரோல் கலனின் மேல் கவசத்தை வைப்பதும் பரவலான பழக்கம். பள்ளிப் பருவத்தில் செய்முறைப் பொருள் செய்தவர்கள் அறிவார்கள்: பெட்ரோல் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும். மூடியைச் சுற்றிக் கசிந்திருக்கும் சிறு துளியும் அதற்குத் தீங்கே. சூடான சைலன்சரின் அருகில் தொங்கவிடுவதும் அதே போன்றது.

கொச்சியில் மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். எறணாகுளம் மாவட்டத்தில் ஓராண்டில் 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பெரும்பகுதி ஜூன் முதல் தென்மேற்குப் பருவத்தில். வாரைப் பிடித்துத் தொங்கவிட்ட கவசம் வாய் மேல்நோக்கியிருக்கும். பத்து நிமிடச் சாரலில் அது ஒரு கிண்ணமாகிவிடும். ஊறிய பஞ்சுறையோடு கவசத்தை அணிய எவருக்கும் மனம் வராது. அணிந்தாலும் தாடை வாரைத் தளர்த்தியே வைப்பர். தளர்ந்த வார் உள்ள கவசம் விபத்தின் முதல் அதிர்ச்சியிலேயே கழன்று விழக்கூடும். பெரிய நெகிழிப் பை ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தால் இத்துன்பம் தீரும்.

இடையில் ஒரு செய்தி. 2020 பிப்ரவரியில், எறணாகுளம் மாவட்டத்தில் பள்ளிக்குச் சென்ற ஆசிரியர் ஒருவர், கவசத்தைக் கழற்றிய பின்னரே அதனுள் நசுங்கி இறந்து கிடந்த நச்சுப்பாம்பைக் கண்டார் என்று நாளேடுகள் எழுதின. அவருக்கு எதுவும் நேரவில்லை. மரமும் செடியும் நிறைந்த கேரளத்தில் மட்டுமல்ல, எங்குமே வெளியில் விட்டுவைத்த கவசத்தைத் தட்டிப் பார்த்து அணிவது நல்ல பழக்கம்.

பூட்டுகளின் பலமும் பலவீனமும்

வண்டியோடு வரும் வசதிகளை முதலில் பார்ப்போம். பல மோட்டார் சைக்கிள்களில் இருக்கையின் பக்கவாட்டிலோ அடியிலோ சிறு கொக்கி ஒன்று உண்டு. தாடை வாரின் வளையத்தை அதில் மாட்டி இருக்கையை மூடிவிட்டால், சாவியின்றி எடுக்க இயலாது. இது எளிது, செலவில்லாதது. ஆனால் இதை எந்தக் கவசத்துக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் நுட்பம் இருக்கிறது.

தாடை வார் இருவகை. ஒன்றில், ஆங்கில டி எழுத்து வடிவில் இரு உலோக வளையங்கள் வாரோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். வாரின் மறுமுனையை அவற்றினூடே நுழைத்து இறுக்குவோம். இவ்வளையத்தைக் கொக்கியில் மாட்டினால், வாரை வெட்டாமல் கவசத்தை எடுக்க முடியாது. மற்றதில், பற்கள் கொண்ட பட்டை ஒன்று பக்கிளுக்குள் நுழைந்து சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும். நம் நாட்டில் பெரிதும் விற்பனையாவது இதுவே. இவ்வகையில் பக்கிளைப் பூட்டி, அதனால் உண்டாகும் வளைவைக் கொக்கியில் மாட்டுவோர் பலர். இருக்கை பூட்டியிருக்கும், கொக்கி உறுதியாக இருக்கும். எனினும் பக்கிளின் நாக்கை விரலால் தூக்கினால் கவசம் கையோடு வந்துவிடும். பூட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் நாம் ஆலயத்தின் தரை ஓடுகளை வியந்துகொண்டிருப்போம்.

ஆகவே சொடுக்குப் பக்கிள் உள்ள கவசங்களுக்குக் கம்பிவடப் பூட்டே ஏற்றது. எஃகு இழைகளைத் திரித்து மேலே நெகிழி உறையிட்ட வடம் இது. சாவிப் பூட்டும் உண்டு, எண் பூட்டும் உண்டு. சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். முழுமுகக் கவசமாயின், முகக் கண்ணாடியைத் திறந்து, கண் திறப்பின் வழியே வடத்தை விட்டுக் கழுத்துப் பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். அப்போது தாடைக் காப்பு முழுவதும் வடத்தின் வளையத்துக்குள் அகப்பட்டுவிடும். வாரை வெட்டியும் பயனில்லை. கவசத்தையே உடைத்தாலன்றி எடுக்க இயலாது. வடத்தின் மறுபக்கம் வண்டியின் சட்டத்தையோ, திருகாணியால் இறுக்கிய பின்புறக் கைப்பிடியையோ சுற்றியிருக்க வேண்டும். பக்கக் கண்ணாடியின் தண்டைச் சுற்றுவது வீண் வேலை. கண்ணாடியை ஒரு நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

அரைமுகக் கவசம் வைத்திருப்போருக்கு இந்த வசதி இல்லை. அதில் தாடைக் காப்பு கிடையாது. வடம் கோக்கத்தக்க ஒரே வளையம் வார்தான், அதை ஒரு கத்தரிக்கோல் வெட்டிவிடும். வெட்டப்பட்ட வார் கொண்ட கவசம் எடுத்தவருக்கும் உதவாது, உரியவருக்கும் உதவாது. அரைமுகக் கவசத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்பதே நமது பரிந்துரை. அது இலகுவானதும்கூட.

ஸ்கூட்டர் ஓட்டுவோருக்கு இருக்கையின் அடியில் இடம் உண்டு. முழுமுகக் கவசம் எல்லாவற்றிலும் அடங்குவதில்லை. அடங்காத கவசத்தை அமுக்கி இருக்கையை மூட முயல்வது கவசத்துக்கும் இருக்கைப் பூட்டுக்கும் கேடு. வாங்கும்போதே கடையில் வைத்துப் பார்த்துவிடுவது நலம். பின்புறம் பொருத்தும் டாப் பாக்ஸ் சிறந்த தீர்வு. பெட்டியின் மூடிக்கு ஒரு பூட்டு, பெட்டியைத் தாங்கியோடு பிணைக்கும் பூட்டு மற்றொன்று; இரண்டும் பூட்டியுள்ளனவா என்று அசைத்துப் பார்க்க வேண்டும்.

உப்பங்கழியின் காற்று படும் ஊர்களில் மட்டரக எஃகுப் பூட்டுகள் விரைவில் துருப்பிடிக்கும். வடத்தின் இரு முனையிலும் கண்ணிகள் உள்ளதாக வாங்கிச் சிறிய பித்தளைப் பூட்டு ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்வோரும் உண்டு. ஜூ டவுனின் பழம்பொருள் கடைகளில் தொங்கும் பழைய பித்தளைப் பூட்டுகளைப் பார்ப்பவருக்கு அந்த உலோகத்தின் ஆயுள் விளங்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளைச் செய்யும் திண்டுக்கல் நமக்கு அருகிலேயே இருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெட்டும் கருவியோடு வருபவரை மெல்லிய வடம் தடுக்காது. கடந்து போகிறபோது கைக்கு எட்டியதை எடுத்துப் போகிறவரை அது தடுக்கும். பகலில், மக்கள் நடமாடும் வீதியில், கவசங்கள் தொலைவது பெரும்பாலும் இரண்டாம் வகையினராலேயே என்று கருத இடமுண்டு. அதனால்தான் நூறு இருநூறு ரூபாய் வடத்தையும் நாம் பரிந்துரைக்கிறோம்.

ஆனால் வண்டியை எடுக்கும்போது வடத்தைக் கழற்ற மறப்பது பெரும் ஆபத்து. சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் அருகில் வடத்தின் எந்தப் பகுதியும் தொங்கக் கூடாது. சிவப்பு அல்லது மஞ்சள் நிற வடம் வாங்கினால் கண்ணில் படும்.

மேலங்கி, கையுறை, காலணி

காப்புப் பட்டைகள் கொண்ட ரைடிங் மேலங்கி கவசத்தைவிட விலை கூடியதாக இருப்பதுண்டு. கொச்சியின் புழுக்கத்தில் அதை அணிந்து நடப்பது இயலாத செயல். கம்பிவடம் நான்கு அல்லது ஐந்து அடி நீளமிருந்தால், அதை மேலங்கியின் ஒரு கையின் வழியே விட்டு, மறு கையின் வழியே எடுத்து, பின் கவசத்தின் கண் திறப்பில் கோத்துச் சட்டத்தோடு பூட்டலாம். மேலங்கியை உட்புறம் வெளியே தெரியுமாறு மடித்து இருக்கையின் மேல் கிடத்தினால் வெயிலில் நிறமும் மங்காது. கையுறைகளைக் கவசத்தினுள் திணித்துச் செல்வதைக் காண்கிறோம். அவை எந்த வடத்துக்கும் அடங்காதவை. அவற்றைக் கால்சட்டைப் பையில் எடுத்துச் செல்ல வேண்டியதுதான். காந்தத்தால் ஒட்டும் டேங்க் பேக், கவசத்தில் பொருத்திய புளூடூத் பேசுகருவி, கேமரா ஆகியவற்றையும் கழற்றி உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

காலணிக்கு இவ்விடத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பரதேசி ஜெப ஆலயத்தினுள் காலணியோடு செல்ல முடியாது. அதன் தரையில் பதித்துள்ளவை சீனாவிலிருந்து கொணர்ந்த, நீலமும் வெண்மையுமாகக் கையால் வரையப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டு ஓடுகள். கணுக்காலுக்கு மேல் வரும் ரைடிங் பூட்ஸை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நிற்பவருக்கு மனம் வெளியில்தான் இருக்கும். சாதாரணச் செருப்பு ஒரு சோடியைப் பயணப் பையில் வைத்திருந்து, வண்டி நிறுத்துமிடத்திலேயே மாற்றிக்கொள்வது மேல். பூட்ஸின் மேல்புறம் உள்ள இழுவளையங்களில் அதே கம்பிவடத்தைக் கோக்கலாம்.

இவ்வளவு தொல்லையும் வேண்டாம் என்போருக்கு எளிய வழி ஒன்று உண்டு. நமது மதிப்பீட்டில் எல்லாவற்றிலும் சிறந்ததும் அதுவே. ஃபோர்ட் கொச்சியிலோ எறணாகுளத்திலோ தங்குவோர் வண்டியையும் கவசத்தையும் மேலங்கியையும் விடுதியிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் ஜூ டவுன் செல்லலாம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து நடந்தே வரலாம். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். வீதியும் நடப்பவருக்கென்றே அமைந்தது போன்றது. சனிக்கிழமைகளில் ஆலயம் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை என்பதையும் திட்டமிடும்போது நினைவில் கொள்ளுங்கள். ஒரே நாளில் வந்து திரும்புவோர், நறுமணப் பொருள் வாங்கும் கடைக்காரரிடம் கேட்டால் கவசத்தை ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ள இசைவார். வாங்கிய பின் கேட்பதைவிட வாங்குமுன் கேட்பது பயன் தரும்!

சட்டமும் காப்பீடும்

திருடுபோனால் காவல் நிலையத்தில் புகார் தரலாமே என்று எண்ணுவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. அதன்படி, திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளிக்கு அது முதல் முறையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ அவர் திருப்பித் தந்துவிட்டால், தண்டனை சமூக சேவையே. அதோடு, இத்தகைய சிறு மதிப்புத் திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை அதில் புலனாய்வு நடத்த இயலாது. நம்மில் பலர் அணியும் கவசத்தின் விலை 5,000 ரூபாய்க்குள் அடங்குவது. ஆகவே அது தொலைந்தால் தேடித் தருவார்கள் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் நிறைவேறாது. கவசம், மேலங்கி, பூட்ஸ் மூன்றும் ஒருங்கே போனால் மொத்த மதிப்பு அவ்வரம்பைத் தாண்டக்கூடும். அதை மெய்ப்பிக்க விலைச்சீட்டு வேண்டும். வாங்கியவுடன் விலைச்சீட்டையும் பொருளையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பது இதனால்தான். மதிப்பு எவ்வளவாயினும் புகார் அளித்து அதற்குரிய ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். மேலங்கியில் அட்டைகளோ ஆவணங்களோ இருந்திருந்தால் பின்னர் அது தேவைப்படும்.

காப்பீடு கைகொடுக்குமா? இருசக்கர வாகனங்களுக்கான முழுமைக் காப்பீட்டுப் பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தால், விலக்குகளின் வரிசையில் ஒரு வரி தென்படும்: வண்டியே உடன் திருடுபோனாலன்றி, அதன் துணைப்பொருள்கள் மட்டும் திருடுபோவதற்கு இழப்பீடு இல்லை. டாப் பாக்ஸ் தனியாகப் போனாலும் இதுவே நிலை. தலைக்கவசமோ வண்டியின் துணைப்பொருள்கூட அன்று. அது ஓட்டுபவரின் உடைமை. பயணக் காப்பீடு எடுத்திருப்போர், கவனிப்பாரின்றி விட்டுச் சென்ற பொருள்களுக்கு அது பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கி என்ற முறையில் நாம் மிகவும் கவலைப்படுவது மேலங்கியின் உட்பையைப் பற்றியே. எரிபொருள் நிரப்பவும் சுங்கச்சாவடி அருகே தேநீர் அருந்தவும் எளிதாக எடுக்க வேண்டும் என்று டெபிட் அட்டையை அதில் வைப்போர் உண்டு. மேலங்கியைப் பூட்டிச் செல்லும்போது அட்டை அதிலேயே இருந்துவிடும். பையைத் திறக்க எந்த வடத்தையும் வெட்ட வேண்டியதில்லை. 2021 ஜனவரி 1 முதல், தொடாமலே செலுத்தும் வசதி கொண்ட அட்டைகளில் 5,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு ரகசிய எண் தேவையில்லை. அவ்வசதி வேண்டாதோர் வங்கியின் செயலியிலேயே அதை நிறுத்தி வைக்கலாம். அட்டை தொலைந்ததை அறிந்த கணமே முடக்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்த பின் நிகழ்வது வங்கியைச் சாரும். ஆலயத்தைப் பார்த்து முடித்தபின் சொல்லலாம் என்று தள்ளிப்போடும் அரை மணி நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

பதிவுச் சான்றையும் ஓட்டுநர் உரிமத்தையும் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினாலே சட்டப்படி போதுமானது. மூல ஆவணங்களை இருக்கையின் அடியில் வைத்திருக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டுவிடலாம்.

தொலைந்துவிட்டால்

மாலை ஐந்து மணி. வண்டி இருக்கிறது, கவசம் இல்லை. ஊர் இன்னும் 190 கிலோமீட்டர். இருட்டுவதற்குள் பாலக்காட்டைத் தாண்டிவிட்டால் போதும் என்று வெறுந்தலையோடு புறப்படுவோர் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 194டி பிரிவின் கீழ் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமம் தகுதியிழப்புக்கும் இடமுண்டு. கேரளத்தில் அபராதம் 500 ரூபாய், தமிழகத்தில் 1,000 ரூபாய். கேரளம் முழுவதும் நிறுவப்பட்ட 726 கேமராக்கள் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதித்து வருகின்றன. கவசம் திருடுபோன செய்தி கேமராவுக்குத் தெரியாது. அபராதத்தைக் கட்டிவிடலாம். இரவில், சரக்கு லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் தலை தரையில் மோதினால் கட்டுவதற்கு எதுவும் இராது.

வண்டியை நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் சென்று புதிய கவசம் வாங்கி வருவதே செய்யத்தக்கது. தோப்பும்படி வழியாகப் பாலங்களைக் கடந்தால் எறணாகுளம். அங்கே வாகன உதிரிப்பொருள் கடைகள் பல உள்ளன. கடைக்கு வண்டியிலேயே போய்விடலாம், அருகில்தானே என்று எண்ண வேண்டாம். சாலையோரத்தில் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் குவித்து விற்கும் தொப்பி போன்றவற்றை அவசரத்துக்கு வாங்குவதும் பயனற்றது. 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151 தரத்துக்கு உட்பட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசங்களை மட்டுமே இருசக்கர வாகன ஓட்டிகளுக்கு விற்கலாம். முத்திரையின் அடியில் உற்பத்தியாளரின் உரிம எண் அச்சாகியிருக்கும். எண் இல்லாத முத்திரை வெறும் ஒட்டுத்தாள். தலையில் மாட்டி, வாரைக் கட்டி, இரு கைகளாலும் பின்னிருந்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வரும் கவசம் உங்களுக்குரிய அளவன்று. அதே கடையில் ஒரு கம்பிவடமும் வாங்கிக்கொள்ளுங்கள்.